கியாவுரோவின் இரண்டாம் பிலிப்: மெட் 1983 ‘டான் கார்லோ’ டிவிடி

மகனுக்கு நிச்சயித்த பிரெஞ்சு இளவரசியை ஸ்பெயின் மன்னன் தானே மணந்துகொள்ளும் கதை, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘டான் கார்லோ’ ஓபரா. அதற்கு வீடியோப் பதிவுகள் ஏராளம். அவற்றில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் (சுருக்கமாக மெட்) 1983இல் எடுத்த இந்தப் பதிவை வாங்கச் சொல்லக் காரணம் ஒரே ஒரு ஆள்: பல்கேரிய பேஸ் (ஆண் குரல்களில் ஆகக் கீழான ரகம்) பாடகர் நிகோலாய் கியாவுரோவ். மகன் கார்லோவாக டொமிங்கோ இருக்கிறார், ராணியாக மிரெல்லா ஃப்ரேனி இருக்கிறார், அரசவைப் பெண் எபோலியாக கிரேஸ் பம்ப்ரி இருக்கிறார். யாரும் சோடை போகவில்லை. ஆனாலும் நாலாம் அங்கத்தின் முதல் காட்சியில் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பாக அவர் மேடையில் இருக்கும் நேரத்திலேயே போட்ட காசு வசூலாகிவிடுகிறது. மிச்சமெல்லாம் கொசுறு.

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடலாம். டாய்ச்ச கிராமஃபோன் வெளியிட்ட இரண்டு டிஸ்க் பெட்டி. ஐந்து அங்கங்கள் கொண்ட இத்தாலிய வடிவம், ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஜேம்ஸ் லெவைன், மேடை இயக்கம் ஜான் டெக்ஸ்டர், படப்பிடிப்பு இயக்கம் பிரையன் லார்ஜ். படம் பழைய டிவியின் 4:3 சட்டத்தில்தான் வரும். அகலத்திரை டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதை நிரப்புவதற்காக இழுத்து நீட்டினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள், அப்படியே விட்டுவிடுங்கள். தமிழில் வசனவரி கிடையாது. ஆங்கில வரிகளை வைத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

பேஸ் என்றதும் நம்மில் பலர் ‘ரொம்பக் கீழே பாடுகிறவர்’ என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பிலிப் பாத்திரத்தின் குரல் எல்லையைக் கர்நாடகக் கணக்கில் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இந்த வேஷத்தில் ஒரே வரியில் இரண்டு ஸ்தாயி இறங்கும் இடம் ஒன்று உண்டு. மேலே உள்ள ‘எஃப்’ என்ற மேற்கத்திய ஸ்வரத்தில் தொடங்கி, கீழே உள்ள எஃப்பில் போய் நிற்கும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு அது தார ஸ்தாயி மத்யமத்திலிருந்து மந்திர ஸ்தாயி மத்யமம் வரை. கச்சேரிப் பாடகர் பலருக்கும் தெரிந்த ஊர்தான் அது, பஞ்சமத்துக்கு ஒரு படி கீழே போகிறது, அவ்வளவே. வித்தியாசம் எங்கே என்றால், அந்த இரண்டு ஸ்தாயியிலும் கனம் மாறாமல், மைக் இல்லாமல், முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எதிரே நிற்கவேண்டும். மெட் அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள். கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேரவேண்டும்.

இது வெறும் நுரையீரல் பலத்தால் நடக்கிற காரியமல்ல. ஆர்கெஸ்ட்ராவின் ஒலிச்சக்தி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குவிந்திருக்கும், அதற்கு மேலே போகப்போக வடியும். பயிற்சி பெற்ற ஆண் ஓபராக் குரலில் 2,400 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் தனியாக ஒரு மேடு இருக்கிறது. பேஸ் குரல்களுக்கு அது அந்த எல்லையின் கீழ்ப்பக்கம். குரல்வளை தாழ்ந்து, அதற்கு நேர் மேலே உள்ள சிறு குழாய் ஒடுங்கி, தொண்டை அகன்றால் அந்த மேடு எழும்பும். ஆர்கெஸ்ட்ரா வடிந்துபோன அந்த இடைவெளி வழியாகத்தான் குரல் வெளியே வருகிறது. ஆக, நல்ல பேஸ் குரலில் இருட்டு எவ்வளவு உண்டோ அவ்வளவு உலோகப் பளபளப்பும் இருக்கவேண்டும். கெட்டுப்போகும் இடமும் இதுதான். கனமாகத் தெரியவேண்டும் என்று நாக்கின் அடியை அழுத்திக் குரல்வளையை வலுக்கட்டாயமாகக் கீழே தள்ளினால், பக்கத்தில் நிற்பவருக்கு மலை உருள்வதுபோல் கேட்கும்; பத்து வரிசை தள்ளி உட்கார்ந்தவருக்கு வெறும் முணுமுணுப்பு. ஒலிப்பதிவு இந்தக் குறையை மறைத்துவிடும். ஹெட்ஃபோனில் பிரமாதமாகக் கேட்கும் சில பேஸ் பாடகர்கள் அரங்கில் காணாமல்போவது இதனால்தான்.

வீட்டில் உட்கார்ந்து இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்றாம் அங்கத்தில், மதத் துரோகிகளை எரிக்கும் சடங்குக் காட்சியில், கோயில் கதவு திறந்து மன்னன் வெளியே வருகிறான். கிரீடம் தலையில் ஏறியபோது கடவுளுக்கு என்ன சத்தியம் செய்தேன் என்று ஜனங்களுக்குச் சொல்கிறான். அங்கே மெட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை, கிட்டத்தட்டப் பிரகடனம். அதற்குப் பிறகு ஃப்ளாண்டர்ஸ் தூதர்கள் ஆறு பேர் கெஞ்ச, கோரஸ் சேர, பித்தளை வாத்தியங்கள் முழங்க, எல்லோரும் ஒன்றாகப் பாடும் பெரும் பகுதி வரும். அந்த இரைச்சலில் கியாவுரோவின் சொற்கள் தனியாகப் பிரிந்து கேட்கின்றனவா என்று பாருங்கள். கேட்கின்றன. அப்போது அவருக்கு வயது 53. குரலின் உச்சகாலம் கடந்துவிட்டது, ஆனால் அந்தப் பளபளப்பு போகவில்லை.

உச்சகாலக் குரல் எப்படி இருந்தது என்று தெரியவேண்டுமானால் ஜார்ஜ் ஷோல்ட்டி நடத்தி 1965இல் டெக்கா பதிவு செய்த இதே ஓபராவைக் கேட்கவேண்டும். அங்கேயும் பிலிப் கியாவுரோவ்தான். (எபோலி இளவரசியாக அங்கேயும் பம்ப்ரிதான், பதினெட்டு வருட இடைவெளியில் இரண்டு பேரையும் ஒப்பிட்டுப் பார்க்க அபூர்வமான வாய்ப்பு.) 1965 குரலில் மேலிருந்து கீழ் வரை ஒரே தடிப்பு, எங்கும் தையல் தெரியாது. 1983இல் நீட்டிப் பிடிக்கும் மேல் ஸ்வரங்களில் அதிர்வு கொஞ்சம் அகலமாகிவிட்டது. மெதுவாக எடுக்கும் சில தொடக்கங்களில் வறட்சி தட்டுகிறது. குரல் மட்டும் போதும் என்பவர் 1965 பதிவை வாங்கலாம், நஷ்டமில்லை. ஆனால் மன்னனைப் பார்க்கவேண்டும் என்றால் இதுதான்.

மேடைத் தோரணையைப் பற்றிச் சொல்லும்போது பொதுவாக உயரம், உடல்கட்டு, தாடி, அங்கி என்று போய்விடுவார்கள். வெர்டியே இதற்கு ஒரு பரீட்சை வைத்திருக்கிறார். ஐந்து அங்க வடிவத்தில் முதல் அங்கத்தில் பிலிப் வருவதே இல்லை. இரண்டாம் அங்கத்தின் மடாலயக் காட்சியில் ராணியோடு மேடையைக் கடந்து போகிறான், பாட்டு இல்லை. தன் மகன் கார்லோவைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் போவதோடு சரி. பாடகனுக்கு இது பெரிய சோதனை. வாயைத் திறக்காமலே ‘இவன் வந்தால் எல்லோருக்கும் மூச்சு முட்டும்’ என்று காட்டியாகவேண்டும். கியாவுரோவ் நடையை வேகப்படுத்துவதுமில்லை, முறைப்பதுமில்லை. கழுத்து விறைப்பாக நிற்க, தலையும் தோளும் ஒன்றாகவே திரும்புகின்றன. அவ்வளவில் முடிந்துவிடுகிறது.

அதன் பலன் அடுத்த காட்சியில் தெரியும். தோட்டத்தில் ராணி துணையில்லாமல் தனியாக இருப்பதைப் பார்த்து, ‘ஏன் ராணி தனியாக இருக்கிறாள்?’ என்று கேட்பதுதான் அவனுடைய முதல் வரி. அந்நேரம் பணியில் இருந்திருக்கவேண்டிய தோழியை நாடு கடத்திவிடுகிறான். இந்த இடத்தில் கத்தும் பாடகர்களே அதிகம். அதிகாரம் உள்ளவன் எதற்குக் கத்தவேண்டும்? இவர் சாதாரணமாகக் கேட்கிறார், சாதாரணமாகத் தண்டிக்கிறார். கோரஸ் பெண்கள் மிரண்டு நிற்பது நியாயமாகத் தெரிகிறது.

இனி நாலாம் அங்கம். விடியற்காலம், மன்னனின் அறை. மேஜை நிறையக் காகிதங்கள், மெழுகுவர்த்திகள் எரிந்து தீரும் நிலையில். இரவெல்லாம் தூங்கவில்லை. ஆர்கெஸ்ட்ரா ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது, ஒவ்வொரு தொடுகைக்கும் முன்னால் பெருமூச்சுபோல் ஒரு சிறு அனுஸ்வரம். அதற்குப் பிறகு தனிச் செல்லோ. பாடகன் வாய் திறக்க நேரமாகும். இந்த இடைநேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் காகிதத்தைப் புரட்டுவது, எழுந்து நடப்பது, நெற்றியைப் பிடித்துக்கொள்வது என்று எத்தனையோ பேர் செய்து பார்த்திருக்கிறார்கள். கியாவுரோவ் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. செல்லோ மன்னனுக்குள் ஓடும் எண்ணம் என்பதை அவர் நம்புகிறார். அந்த எண்ணத்தைக் கையால் ஒரு தடவை, காலால் ஒரு தடவை நடித்துக் காட்டத் தேவையில்லை.

முதல் வரி ‘எல்லா ஜம்மாய் மாமோ’. அவள் என்னை ஒருபோதும் நேசித்ததில்லை என்று பொருள். கனவில் இருப்பவன்போல் பாடவேண்டும் என்பது வெர்டியின் குறிப்பு. இந்த வரியைக் கவனித்துக் கேளுங்கள். ‘எல்லா’வில் இரட்டை ல், ‘ஜம்மாய்’யில் இரட்டை ம், பிறகு ‘மாமோ’வில் இன்னும் இரண்டு ம். நாக்கு தடுத்தாலும் உதடு மூடினாலும் ஒலி நிற்காத எழுத்துகள் இவை. கியாவுரோவ் ஒவ்வொரு ம்-மிலும் சுருதியை நிறுத்திவைத்துக்கொண்டே அடுத்த உயிருக்குப் போகிறார். வரி முழுவதும் அறுபடாத ஒரே நூல். குரல் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனால் மூச்சுக்காற்று கலந்த கிசுகிசுப்பாக மாறவில்லை. உள்ளே முழுக் கருவியும் இயங்குகிறது, வெளியே கால்பங்குதான் விடுகிறார். இந்த வித்தியாசம் பெரிது. கிசுகிசுப்பில் பாடினால் மைக்குக்கு அழகாக இருக்கும், 3,800 பேருக்குப் போய்ச் சேராது.

அடுத்து, பிரான்ஸிலிருந்து வந்த நாளில் தன் நரைத்த தலையை அவள் சோகமாகப் பார்த்ததை நினைத்துக்கொள்கிறான். (சரித்திரத்தில் பிலிப் பிறந்தது 1527. ராணியும் மகனும் செத்த 1568இல் அவருக்கு வயது 41தான். பாட்டில் வரும் எஸ்கோரியல் மாளிகைக்கு அஸ்திவாரம் போட்டது 1563, கட்டி முடித்தது 1584. ஓபரா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு இந்தப் பாட்டு கிடைத்திருக்காது.) பிறகுதான் ‘தோர்மிரோ சோல்’ பகுதி: என் பகல் முடியும்போது அரச அங்கியோடு தனியாகத் தூங்குவேன், எஸ்கோரியலின் கறுத்த கூரைக்கு அடியில், கல்லறையில் தூங்குவேன் என்கிறான்.

இங்கே இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, அழுகை. தேம்பல், விசும்பல், ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு விக்கல். கேட்பவருக்கு வரவேண்டிய அழுகையைப் பாடகரே அழுது தீர்த்துவிடுகிறார். இன்னொன்று, மூச்சு. வரி நீளம், கீழே இறங்க இறங்கக் காற்று அதிகமாகக் கசியும். தொடக்கத்திலேயே தாராளமாகச் செலவழித்துவிட்டால் சொற்றொடருக்கு நடுவில் மூச்சு வாங்கவேண்டி வரும், கல்லறை வரும் இடத்தில் சத்தம் காற்றாகிவிடும். கியாவுரோவ் கீழ் ஸ்வரங்களை உரக்கச் சொல்ல முயல்வதே இல்லை. உயிரெழுத்தின் வடிவத்தை மாற்றாமல் அப்படியே கீழே கொண்டுபோகிறார், பளபளப்பு கூடவே வருகிறது, சத்தம் குறைந்தாலும் சொல் தெளிவாக நிற்கிறது. ஓபரா படிக்கும் பையன்களுக்கு இந்த ஒரு பக்கத்தைப் போட்டுக் காட்டினால் போதும்.

மேலே போகும்போது வேறு சங்கதி. மனிதர் மனத்தைப் படிக்கும் சக்தியைக் கிரீடம் எனக்குத் தந்தால் என்று பொங்கும் இடத்தில் வரி பேஸ் குரலின் மேல் எல்லைக்கு ஏறுகிறது. மேல் ‘டி’யைத் தாண்டும் இடத்தில் பேஸ் குரல் கியர் மாற்றியாகவேண்டும். ‘ஆ’ என்று திறந்த வாயோடு போனால் கூச்சலாகும். பயந்து இறுக்கினால் தொண்டையில் சிக்கும். ‘ஆ’வை ‘ஒ’ பக்கம் லேசாகச் சாய்த்து வட்டமாக்குவதுதான் வழி. இவர் எப்போது சாய்க்கிறார் என்று தெரிந்துகொள்ள வாயைப் பாருங்கள்: நெருக்கக் காட்சி இருப்பதால் உதடு குவிவது தெரியும். ஏறுவதற்கு முந்திய ஸ்வரத்திலேயே குவித்துவிடுகிறார். வயதின் அடையாளமான அந்த அகன்ற அதிர்வு இங்கேதான் அதிகம் தெரிகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சுருதி அசையவில்லை.

இன்னொன்று, பாட்டில் வரும் அந்த ராணி மிரெல்லா ஃப்ரேனி, நிஜ வாழ்க்கையில் கியாவுரோவின் மனைவி; 1978இல் கல்யாணம் நடந்தது. இந்த ஆரியா (தனிப்பாட்டு) முடிந்து சற்று நேரத்தில் அவர் நகைப்பெட்டி திருடுபோனதென்று நியாயம் கேட்டு உள்ளே வர, இவர் அந்தப் பெட்டியைத் திறந்து மகனின் படத்தைக் காட்டி, விபசாரி என்று வைகிறார். வீட்டு விவகாரத்தை இதில் தேடவேண்டியதில்லை. இருவருக்கும் ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரிந்திருப்பது மட்டும் தாளத்தில் தெரிகிறது, லெவைனைப் பார்க்காமலே ஒன்றாக எடுக்கிறார்கள்.

ஆரியாவுக்கும் ராணியின் வருகைக்கும் நடுவில் இருக்கிறது இந்த ஓபராவின் நெஞ்சு: மன்னனும், மதத் துரோகிகளை விசாரிக்கும் திருச்சபை மன்றத்தின் தலைவரான மகா விசாரணை அதிகாரியும். இரண்டு பேஸ் குரல்கள் மோதிக்கொள்ளும் இதைப்போன்ற காட்சி ஓபராவில் வேறு தேடினாலும் கிடைக்காது. அதிகாரிக்குத் தொண்ணூறு வயது, இரண்டு கண்ணும் குருடு, தாங்கிப் பிடித்து அழைத்து வருகிறார்கள். ஆர்கெஸ்ட்ராவின் அடித்தட்டு மட்டும் நகர்கிறது: டபுள் பேஸ், செல்லோ, பஸூன், அதற்கும் கீழே கான்ட்ரா பஸூன், கூடவே டிராம்போன். மகனைச் சாகக் கொடுத்தால் நீங்கள் என்னை மன்னிப்பீர்களா என்று மன்னன் கேட்கிறான். நம்மை மீட்கக் கடவுளே தன் மகனைக் கொடுத்தாரே என்று கிழவரிடமிருந்து பதில் வருகிறது. அதோடு விடாமல், மன்னனின் ஒரே நண்பன் போசாவையும் கேட்கிறார். மன்னன் முடியாது என்கிறான். கிழவர் மிரட்டிவிட்டு எழுந்து போகிறார். அப்போதுதான் முன்னே சொன்ன அந்த இரண்டு ஸ்தாயி இறக்கம்: அரியணை எப்போதும் தேவாலயப் பீடத்துக்குப் பணிந்துதான் ஆகவேண்டுமா!

இந்த வரியில் கியாவுரோவின் உடலைப் பாருங்கள். மேல் எஃப்பில் நிமிர்ந்து நிற்கும் மனிதர், குரல் இறங்க இறங்கத் தோளை ஒரு அங்குலம்தான் விடுகிறார். உட்கார்ந்து சரிவதோ கையை விரிப்பதோ இல்லை. குரல் இறங்குகிற அளவுக்கு உடல் இறங்காததால் அவமானம் இரட்டிப்பாகிறது.

எதிரே நிற்கும் கிழவர் ஃபெருச்சியோ ஃபுர்லானெட்டோ. இந்தப் பதிவின்போது அவருக்கு வயது 33. இதே ஃபுர்லானெட்டோதான் மூன்று வருடம் கழித்து 1986இல் சால்ஸ்பர்க்கில் காராயான் நடத்திய ‘டான் கார்லோ’வில் பிலிப்பாகி, 2008இல் லண்டன் ராயல் ஓபராவிலும் அதே வேஷத்தைப் பாடி, தன் தலைமுறையின் பிலிப் என்று பேரெடுத்தவர். ஆக ஒரே சட்டத்தில் இரண்டு பிலிப்களைப் பார்க்கிறோம், ஒருவர் அப்போது ஆட்சியில் இருப்பவர், மற்றவர் இனி வரப்போகிறவர். சுவாரஸ்யம்தான், ஆனால் காட்சிக்கு இதனால் நஷ்டமும் உண்டு. பேஸில் இரண்டு ரகம்: நீளமாக இழுத்துப் பாடும் ‘கான்டான்டே’, அடியாழத்தில் கிடக்கும் ‘ப்ரொஃபோண்டோ’. மன்னன் முதல் ரகமாகவும் கிழவர் இரண்டாவது ரகமாகவும் இருந்தால்தான் இருவரில் யார் பெரியவர் என்பது காதிலேயே தெரியும். இங்கே இருவருமே முதல் ரகம். கண்ணை மூடிக்கொண்டால் சில இடங்களில் யார் பாடுவது என்று தடுமாற்றம் வரும். 1965 டெக்கா பதிவில் கிழவராக வருபவர் பின்லாந்துக்காரர் மார்ட்டி தல்வேலா. அங்கே கியாவுரோவ் எவ்வளவு பெரிய குரலோ, அதற்கும் கீழே இன்னொரு தளம் திறக்கிறது. இந்த ஒரு காட்சியில் டெக்காவுக்கே முதலிடம். இந்த டிவிடியில் ஃபுர்லானெட்டோவின் ஒப்பனையிலும் இளமை தெரிகிறது. தாடியை ஒட்டினாலும் தாடை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மற்றக் குறைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மேடை ரொம்ப இருட்டு. 1983 வீடியோ நாடாவால் இருட்டுக்குள் இருக்கும் கறுப்பைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. ஸ்பெயின் அரசவைக் கறுப்பு உடை பின்னணியோடு கலந்து, சில இடங்களில் முகமும் கையும் மட்டும் மிதக்கின்றன. டிவியில் வெளிச்சத்தைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகும், தெளிவு வராது. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பதுதான் மருந்து. போசாவாக வரும் லூயி கிலிகோ உறுதியாகப் பாடுகிறார், ஆனால் நடிப்பில் விறைப்பு. இரண்டாம் அங்கக் கடைசியில் மன்னன் போசாவிடம் மனம் திறந்து, கடைசியில் விசாரணை அதிகாரியிடம் ஜாக்கிரதை என்று எச்சரிக்கும் அருமையான சந்திப்பு இதனால் பாதிதான் பலிக்கிறது. 1884 மிலான் வடிவத்துக்காக வெர்டி உழைத்துத் திருத்தி எழுதிய இடம் அது.

ஒலிக்கு வருவோம். டிஸ்கில் ஸ்டீரியோ தடமும் 5.1 தடமும் உண்டு. ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். 1983 பதிவின் மூலமே ஸ்டீரியோதான். பின்னால் விரித்த 5.1இல் அரங்கின் எதிரொலி கூடி, குரல் ஒரு அடி பின்னால் போய்விடுகிறது. டிவியின் ஒலி அமைப்பில் ‘குரல் தெளிவு’, ‘நைட் மோட்’, ‘விர்ச்சுவல் சரவுண்ட்’ என்று எது இருந்தாலும் அணையுங்கள். முக்கியமாக நைட் மோட்: அது சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி, பெரிய சத்தத்தைச் சுருக்கும். அப்படிச் செய்தால் கால்பங்குக் குரலும் முழுக்குரலும் ஒன்றாகிவிடும், இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் வீண். வால்யூமை வைக்க வேண்டிய இடம் மூன்றாம் அங்கத்தின் கோரஸ். அது பிசிறில்லாமல் கேட்கும் அளவுக்கு வைத்துவிட்டு, நாலாம் அங்கத்தில் ஆரியா மெதுவாகத் தொடங்கும்போது ரிமோட்டைத் தொடாமல் இருங்கள்.

செல்ஃபோன் ஸ்பீக்கரில் பார்ப்பது வேண்டாம். கீழ் எஃப்பின் அடிப்படை அதிர்வெண் 87 ஹெர்ட்ஸ். அந்தச் சிறிய ஸ்பீக்கரில் அது வெளியே வராது. 175, 262, 349 என்று மேலே உள்ள மடங்கு அதிர்வெண்களில் வரும் மிச்சத்தை வைத்து மூளை சுருதியைக் கண்டுபிடித்துக்கொள்ளும், அதனால் மெட்டு புரியும். கனம் மட்டும் வராது. கனத்துக்காகத்தானே இதைப் பார்க்கிறோம். சாதாரண வயர்டு ஹெட்ஃபோனே போதும். சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை: கிராஸோவர் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகவேண்டும் என்ற எல்லை) 120 ஹெர்ட்ஸில் இருந்தால் கியாவுரோவின் கீழ் எஃப்பிலிருந்து பி-ஃப்ளாட் வரை உள்ள ஸ்வரங்களின் அடிப்பாகம் அறை மூலையிலிருந்தும், மேல்பாகம் டிவி பக்கத்திலிருந்தும் வரும். ஒரு ஆள் இரண்டு இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்கோ அதற்கும் கீழேயோ வையுங்கள். பேஸ் பூஸ்ட் என்ற பட்டனுக்கும் பேஸ் பாடகருக்கும் சம்பந்தமே இல்லை. அது டபுள் பேஸை ஊதவைத்துக் குரலை மூடும்.

ஓபராவுக்குப் புதியவர்கள் முதல் அங்கத்திலிருந்து தொடங்கினால் பிலிப் வருவதற்குள் களைத்துவிடலாம். இரண்டாம் அங்கத்தின் தோட்டக் காட்சியில் ‘ஏன் ராணி தனியாக’ என்ற இடத்தில் தொடங்கி, போசா சந்திப்பைப் பார்த்துவிட்டு, நேரே நாலாம் அங்கத்துக்குப் போங்கள். எபோலியின் ஆரியா வரைக்கும் பார்த்துவிட்டு இன்னொரு நாள் முதலிலிருந்து வரலாம். அப்படி வரும்போது போசாவின் சாவுக்கு அப்புறம் மன்னன் பாடவேண்டிய புலம்பல் எங்கே என்று தேடாதீர்கள். 1867 பாரிஸ் அரங்கேற்றத்துக்கு முன்பே நேரம் போதாது என்று வெட்டப்பட்ட பகுதிகளில் அதுவும் ஒன்று. அந்த இசையை வெர்டி 1874 ரெக்வியமில் (இறந்தோருக்கான பிரார்த்தனை இசை) ‘லாக்ரிமோசா’ பகுதியாக்கிக்கொண்டார்.

மாற்று வேண்டுவோருக்கு: படமும் ஒலியும் நன்றாக இருக்கவேண்டும் என்றால் 2008 லண்டன் பதிவு, ஃபுர்லானெட்டோவின் பிலிப், ஐந்து அங்கம், நடத்தியவர் பப்பானோ. ஆத்திரம் அதிகம், அழகும் உண்டு. 1992 லா ஸ்காலா பதிவில் பிலிப்பாக சாமுவேல் ராமி, ரிக்கார்டோ முட்டி நடத்தும் நான்கு அங்க வடிவம். குரல் கத்திபோல் கூர்மை, மன்னனின் தனிமை குறைவு. 1996 பாரிஸ் ஷாட்லே பதிவு பிரெஞ்சில் பாடியது, யோசே வான் டாம் பேஸ்-பாரிடோன் (பேஸுக்குச் சற்று மேலான குரல்) ஆனதால் கனம் குறைந்து அறிவு கூடிய பிலிப். டிஸ்க் கிடைக்காதவர்கள் மெட்டின் சந்தா ஸ்ட்ரீமிங் சேவையில் இந்த 1983 நிகழ்ச்சியைப் பார்க்கலாம். டிவிடி பிளேயர் இல்லாத வீட்டுக்கு அதுவே சௌகரியம். பழைய டிஸ்க் வாங்கினால் இரண்டாவது டிஸ்கைப் போட்டு நாலாம் அங்கத் தொடக்கம் சிக்காமல் ஓடுகிறதா என்று விற்பவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். கீறல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.